வீட்டுத் தோட்டமும் ஊர்த் தோட்டக்காரரும்



தமிழகத்தை விட்டு வெளியே வந்து குடியேறிய நம்மில் பலருக்கு, புதிய ஊரில் வீடு அமைந்ததும் எழும் முதல் விருப்பங்களுள் ஒன்று, கறிவேப்பிலைச் செடி வைக்க இடம் உண்டா என்பது. வாசலில் பத்தடி நிலம் இருந்துவிட்டால் ஒரு மல்லிகை, ஒரு துளசி, பின்புறம் வாழை, முருங்கை என்று மனம் விரிந்துகொண்டே போகும். நிலம் இல்லாதவர்களும் மாடியில் நான்கு தொட்டிகளையேனும் வைத்து மகிழ்கிறோம். ஆயினும், ஆசையோடு வைத்த செடிகளுள் பல ஓராண்டு நிறையுமுன்னரே பட்டுப்போவதையும் காண்கிறோம். நீர் ஊற்றாமையால் அவை மடிவதில்லை. பிறந்த ஊரின் காலக்கணக்கை வந்த ஊரின் மண்ணில் நாம் நடத்த முயல்வதாலேயே பெரும்பாலும் மடிகின்றன. வந்த ஊரின் கணக்கை அறிந்தவர் ஒருவர் நம் தெருவிலேயே மிதிவண்டியில் போய்வந்துகொண்டிருக்கிறார். வடநாட்டில் அவரை மாலி என்பார்கள். அவரை அமர்த்தும் முறையையும், அவரோடு சேர்ந்து தோட்டத்தைப் பேணும் முறையையும் பற்றி இன்று சிறிது சிந்திப்போம். நம்மவர் பல தலைமுறைகளாக வாழ்ந்துவரும் தில்லி மாநகரையே இதற்கு எடுத்துக்காட்டாகக் கொள்வோம்.

தமிழ்நாட்டில் ஆடிப்பட்டம் தேடி விதைப்பது வழக்கம். ஐப்பசியில் அடைமழை என்பதும் நாம் அறிந்ததே. தில்லியின் வானமோ வேறு விதம். அங்கே ஆனி மாதத்தின் நடுவில் தொடங்கும் பருவமழை புரட்டாசி பிறந்து சில நாட்களில் விடைபெற்றுவிடும். சென்னையில் குடை பிடிக்கும் ஐப்பசியில் தில்லியில் தெளிந்த வானமும் இளங்குளிரும் நிலவும். வைகாசியில் வெப்பம் 45 பாகையை எட்டும் நாட்கள் உண்டு. மார்கழியிலும் தையிலும் 5 பாகைக்குக் கீழே இறங்கும் இரவுகளும் உண்டு. இத்தனை ஏற்றத்தாழ்வை நமது ஊர்ச் செடிகள் கண்டதில்லை, நாமும் கண்டதில்லை.

ஆகவே அங்கே தோட்ட வேலையின் வரிசையும் மாறுகிறது. புல்தரை பதிப்பதற்கும் மரக்கன்று நடுவதற்கும் உரியது மழைக்காலம். ரோஜாவைக் கவாத்து செய்வது ஐப்பசியையொட்டி. பெட்டூனியா, பான்ஸி, பிளாக்ஸ் போன்ற பருவ மலர்களைப் புரட்டாசியில் விதைத்து, நாற்று வளர்ந்ததும் ஐப்பசி கார்த்திகையில் பிடுங்கி நட்டால், மாசி பங்குனியில் பாத்தி முழுதும் வண்ணமாய் நிற்கும். மல்லிகையைக் குளிர் தணியும் நாட்களில் கவாத்து செய்துவிட்டால் கோடையில் மொட்டுக்குப் பஞ்சமிராது. இவற்றையெல்லாம் மாலி ஏட்டில் படித்தறிந்தவர் அல்லர். ஆண்டுதோறும் கையால் செய்து அறிந்தவர்.

நம்மவர் அடிக்கடி கவலைப்படும் கறிவேப்பிலையையே பாருங்கள். மார்கழியில் அதன் இலைகள் மஞ்சளித்து உதிர்கின்றன. செடி வாடுகிறதே என்று நாம் குடம் குடமாய் நீர் ஊற்றுகிறோம், உரமும் இடுகிறோம். செடியோ குளிருக்கு அஞ்சி உறங்குகிறது. உறங்கும் செடிக்கு நீர் மிகுந்தால் வேர் அழுகும். அனுபவமுள்ள மாலி, நீரைக் குறைத்து, தொட்டியாயின் வெயில் படும் சுவரோரம் நகர்த்தி வைத்து, "பங்குனி வரட்டும்" என்ற பொருளில் ஏதோ சொல்லிவிட்டுப் போவார். பங்குனியில் துளிரும் வந்துவிடும். அவர் சொன்னதைப் புரிந்துகொள்ளும் அளவுக்கு மொழியும், கேட்டு நடக்கும் அளவுக்குப் பொறுமையும் நமக்கு இருந்தால் செடி பிழைக்கும்.

மொழியைப் பற்றி அஞ்சவும் வேண்டியதில்லை. பெயர்கள் வேறானாலும் செடிகள் பெரும்பாலும் நமக்குப் பழக்கமானவையே. கறிவேப்பிலையை அவர் 'மீட்டா நீம்', அதாவது இனிய வேம்பு என்பார். நமது மல்லிகை அவருக்கு மோக்ரா, பவழமல்லி ஹர்ஸிங்கார், செம்பருத்தி குட்ஹல், அரளி கனேர், நந்தியாவட்டை சாந்தினி. வீட்டு முன் பச்சைக் கம்பளமாய் அவர் பரப்பும் 'தூப்' புல், நாம் பிள்ளையாருக்குச் சாத்தும் அறுகம்புல்லே. 1911-இல் தலைநகராக அறிவிக்கப்பட்டு, 1931-இல் திறந்துவைக்கப்பட்ட புதுதில்லியின் சாலைகளில் நிழலுக்காக வைத்த மரங்களைப் பார்த்தாலும், வேம்பு, நாவல், மருது, புளி என்று நம் ஊர் மரங்களாகவே இருக்கின்றன.

இனி, தோட்டக்காரரை அமர்த்தும் முறைக்கு வருவோம். கூலி குறைவாகக் கேட்பவரைத் தேடுவதைக் காட்டிலும், அக்கம்பக்கத்தில் செழித்திருக்கும் தோட்டத்தைப் பார்த்து, அதைப் பேணுபவர் யார் என விசாரிப்பது மேலான வழி. ஒரே மாலி ஒரு நாளில் பல வீடுகளுக்குச் செல்வது அங்கே வழக்கம். ஆதலால் வாரத்தில் எத்தனை நாள் வருவார், எவ்வளவு நேரம் இருப்பார், புல் வெட்டுவது யார் கருவியால், விதையும் எருவும் தொட்டியும் யார் செலவு, அவர் வராத நாட்களில் நீர் ஊற்றுவது யார் என்பனவற்றை முதல் நாளே பேசி முடித்துக்கொள்ள வேண்டும். மாதச் சம்பளம் எத்தனாம் தேதி என்பதையும் சொல்லிவிடுதல் நலம். கன்றுகள் வாங்க வேண்டியிருந்தால் நாமும் அவருடன் நாற்றுப் பண்ணைக்குச் செல்லலாம். விலையும் தெரியும், எந்தக் கன்று நமது மண்ணுக்கு ஏற்றது என்பதையும் அவர் கைகாட்டித் தேர்ந்தெடுப்பார்.

பெரிய மனை வாங்கித் தனி வீடு கட்டியவர்கள், தோட்டம் அமைத்துத் தரும் நிறுவனங்களை நாடுவதும் உண்டு. அவர்களிடம் வேலையை ஒப்படைக்குமுன், இன்ன இடத்தில் இன்ன செடி என்று வரைபடம் ஒன்று பெற வேண்டும். புதிய மனையில் கட்டட வேலையின் செங்கல் துண்டும் சுண்ணாம்புக் குப்பையும் மண்ணுக்குள் புதைந்திருக்கும். அவற்றை ஓரடி ஆழமாவது தோண்டி அகற்றி, நல்ல மண்ணும் மக்கிய எருவும் நிரப்புவது ஒப்பந்தத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். மழைநீர் வீட்டுச் சுவரை விட்டு விலகி ஓடும் சரிவு அமைகிறதா என்பதும் முக்கியம். பணத்தை வேலை முடிய முடியப் பகுதி பகுதியாகத் தருவதும், பட்டுப்போகும் கன்றுகளுக்கு மாற்றுக் கன்று தரும் காலத்தை எழுத்தில் பெறுவதும் பின்னர் வரும் மனக்கசப்பைத் தவிர்க்கும்.

ஒப்பந்தம் எழுதுவதோடு நமது கடமை முடிந்துவிடுவதில்லை. நம்மவர் பலர் இந்தியைக் கடைவீதியில் கற்றவர்கள். 'தூ', 'தும்', 'ஆப்' என்னும் மூன்று சொற்களின் வேறுபாடு நமக்கு விளங்குமுன்பே பேசத் தொடங்கிவிடுகிறோம். ஊரில் தந்தை வயதுடைய ஒருவரை நீ என்று அழைக்க நாக்கூசும் நாம், இங்கே நரைத்த தலையுடன் குனிந்து களை எடுப்பவரைத் 'தூ' என்று விளித்துவிடுகிறோம். இது அறியாமையால் நேர்வதாயினும், கேட்பவர் நெஞ்சில் தைக்கத்தான் செய்யும். 'மாலிஜி' என்றும் 'ஆப்' என்றும் அழைக்கப் பழகிக்கொள்வோம். அவரும் பெரும்பாலும் நம்மைப் போலவே சொந்த ஊரை விட்டுப் பிழைக்க வந்தவர். கிழக்கே உத்தரப் பிரதேசத்திலோ பீகாரிலோ அவருக்கும் ஒரு வீடும் அறுவடைக் காலமும் உண்டு. நாம் பொங்கலுக்கு விடுப்புக் கேட்பது போல, அவர் ஊர்த் திருவிழாவுக்குப் போகும் சில நாட்களுக்குச் சம்பளத்தைப் பிடிக்காமல் இருப்பது நியாயம். கோடையில் குடிக்கக் குளிர்ந்த நீர் தருவதற்கும், பூச்சிமருந்து தெளிக்கும் நாளில் கையுறையும் முகத்துணியும் வாங்கித் தருவதற்கும் பெருஞ்செலவு ஆகாது.

அன்றாடப் பராமரிப்பில் நாம் கருத வேண்டியவை சில. பச்சைச் சாணத்தை அப்படியே இட்டால் கறையான் சேரும். நன்கு மக்கியதையே இட வேண்டும், வேப்பம் புண்ணாக்கும் கலக்கலாம். கோடையில் அதிகாலையிலோ மாலையிலோ நீர் பாய்ச்ச வேண்டும். குளிர்காலத்தில் வெயில் ஏறிய பின்னர்ச் சிறிதளவு போதும். துளசியைப் பனி இரவுகளில் துணியால் மூடலாம், அல்லது உள்ளே எடுத்து வைக்கலாம். மழைக்காலத்தில் தொட்டியின் அடித்தட்டுகளில் நிற்கும் நீரை வாரம் ஒருமுறையாவது கொட்டித் தேய்த்துக் கழுவ வேண்டும். டெங்குக் கொசுவின் முட்டை, கொசுவாக மாறப் பத்து நாட்களே போதும் என்பதை மறக்கலாகாது.

உதிர்ந்த சருகைக் கூட்டித் தீ வைப்பது முன்பு பல வீடுகளில் வழக்கமாயிருந்தது. தில்லியின் குளிர்காலக் காற்று எவ்வளவு நஞ்சேறியது என்பதை அங்கு மூச்சுவிடும் ஒவ்வொருவரும் அறிவோம். தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் சருகும் குப்பையும் எரிப்பதைத் தடைசெய்து, மீறுவோருக்கு 5000 ரூபாய் விதித்தது. தோட்டத்தின் ஒரு மூலையில் இரண்டடிக் குழி வெட்டி, சருகின் மேல் மண்ணும் சாணக் கரைசலும் மாறி மாறி இட்டு ஈரம் காயாமல் வைத்தால், சில மாதங்களில் அதுவே எருவாகும். நம் மனையில் நிற்கும் மரமேயாயினும் அதை அனுமதியின்றி வெட்டக்கூடாது என்பது தில்லியின் 1994-ஆம் ஆண்டு மரப் பாதுகாப்புச் சட்டம். வாசலைச் சிமெண்ட் பூசி அழகு செய்பவர்கள், மரத்தின் அடியில் சுற்றிலும் ஒரு மீட்டராவது மண்ணாக விட வேண்டும். வேருக்கும் காற்று வேண்டும், நீரும் வேண்டும்.

வாடகை வீட்டுக்கும் அரசுக் குடியிருப்புக்கும் இவ்வளவு பாடு எதற்கு, மூன்றாண்டில் மாற்றலாகிவிடுவோமே என்று சிலர் கேட்கலாம். நாம் குடிபுகுந்த அன்று அங்கே நிழல் தந்த வேப்பமரமும் முன்னர்க் குடியிருந்த ஒருவர் வைத்ததுதான். அவர் எந்த மாநிலத்தவர், என்ன மொழி பேசினார் என்பது நமக்குத் தெரியாது. நாம் வைத்துவிட்டுப் போகும் கறிவேப்பிலையையும் நாளை வேறொருவர் பறிப்பார். அதை 'மீட்டா நீம்' என்று அறிந்த அதே மாலி அதற்கு நீர் ஊற்றிக்கொண்டிருப்பார். நம் பிள்ளைகள் அந்தச் செடியின் இரண்டு பெயர்களையும் அவரிடமும் நம்மிடமும் கேட்டு வளர்வார்களானால், அந்த ஊர் அவர்களுக்கு வெளியூராக இராது.

வரும் ஞாயிற்றுக்கிழமை மாலி வரும்போது சிறிது நேரம் அவருடன் தோட்டத்தில் நின்று, இந்த மாதத்தில் என்ன செய்ய வேண்டும் என்று கேட்டுப் பார்ப்போம்.