தற்பரிவும் உடல்நலமும்
(நம் சங்கக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



அயல்வீட்டுப் பிள்ளை பரீட்சையில் தவறினால், "போகட்டும், அடுத்த முறை தேறிவிடுவாய்" என்கின்றோம். நம் வீட்டுப் பிள்ளையாயின் வேறு பேச்சு. தவறியவர் நாமேயாயின், நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சொல் அவையிற் சொல்லத் தகாதது! இவ்வழக்கம் உடம்பையும் வருத்தக்கூடும் என்பதே யான் சொல்லவந்தது.

கழிந்ததை எண்ணி அழும் கழிவிரக்கத்தை யான் கருதவில்லை. துன்பத்தை உள்ளவாறு நோக்கி, இது மாந்தர் அனைவர்க்கும் வருவதே எனத் தெளிந்து, நண்பனுக்குச் சொல்லும் இன்சொல்லைத் தனக்கும் சொல்லிக்கொள்ளுதலைத் தற்பரிவு எனலாம். இதனை அளத்தற்கு 2003-ஆம் ஆண்டில் டெக்ஸாஸ் சர்வகலாசாலையின் கிரிஸ்டின் நெஃப் அம்மையார் ஒரு வினாத்தொகுதி வகுத்தார்.

அச்சமுற்றால், மூளையின் ஏவலால் சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பிகள் கார்ட்டிசால் என்னும் பொருளைச் சுரக்கின்றன. பலர்முன் நாணமுறும் அச்சத்திற்கும் இது பொருந்தும். இந்நிலை நாடோறும் நீடிப்பின் நோயெதிர்க்கும் ஆற்றல் நிலைகுலையும்.

அமெரிக்காவில் ஜூலியானா பிரைன்ஸ் முதலியோர் 41 இளைஞரைத் தேர்வாளர்முன் நிறுத்திப் பேசவும் மனக்கணக்குச் செய்யவும் ஏவினர், மறுநாளும் அவ்வாறே. உடலழற்சியைக் காட்டும் இன்டர்லூக்கின்-6 என்னும் பொருளை அவர்தம் இரத்தத்தில் அளந்தனர். தற்பரிவு மிக்கார்க்கு முதல்நாள் அது குறைவாகவே ஏறிற்று; தற்பரிவு குறைந்தார்க்கோ மறுநாட் சோதனை தொடங்குமுன்பே மிகுந்திருந்தது. இரவு கழிந்தும் உடம்பு மறக்கவில்லை போலும்! இது 2014-இல் வெளிவந்தது. 41 பேர் சிறு தொகையே. இதுகொண்டு தற்பரிவை மருந்தென்று கூறுதல் மிகை. காய்ச்சல் கண்டால் வைத்தியரிடமே செல்க.

மூளையைப் படமெடுத்தாய்ந்த 2010-ஆம் ஆண்டு ஆராய்ச்சியொன்றில், தன்னைக் கடியுங்கால் பிழைகண்டு தடுக்கும் பகுதிகளும், தன்னைத் தேற்றுங்கால் பிறர்க்கு இரங்கும்போது தொழிற்படுவனவற்றை ஒத்த பகுதிகளும் விழித்தெழுந்தன.

"அங்ஙனமாயின் பிள்ளைகள் சோம்பித் திரிவரே!" என்பீர்கள். ஆசிரியனாகிய எனக்கும் அவ்வையம் உண்டாயிற்று. 2012-இல் வெளிவந்த கலிபோர்னியாச் சர்வகலாசாலைச் சோதனை மாறாகக் காட்டுகின்றது. கடினமான சொற்றேர்வில் தவறிய மாணாக்கருள், தம்மைப் பரிவுடன் நோக்குமாறு சொல்லப்பட்டவரே அடுத்த தேர்வுக்கு நெடுநேரம் படித்தனர்.

நம் சங்கப் பரிசளிப்பில் தேறியோரையே மேடையேற்றுகின்றோம். தவறியோர் வீட்டார் அன்று வெளியே தலைகாட்டுவதில்லை. இவ்வாண்டு அவர்கட்கும் அழைப்பு அனுப்புமாறு செயலாளரவர்களை வேண்டிக்கொள்ளுகின்றேன்.