இறைவனோடு இணைந்திருத்தல்



இறைவனோடு இணைந்திருத்தல் ஞாயிறு வழிபாட்டோடு முடிவதன்று. கொடியோடு கிளைபோல் நாள்தோறும் நிலைத்திருத்தலாகும்.

1715-இல் தரங்கம்பாடியில் புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிற்று. கல்வி மறுக்கப்பட்ட நம் முன்னோருள் பலர், வேதம் வாசிக்கும் பொருட்டே எழுத்தறிந்தனர். ஆதலின் பக்தியும் கல்வியும் நமக்கு உடன்பிறந்தவை.

எனினும், இன்றும் சில ஊர்களில் கல்லறைத் தோட்டத்திலும் சாதிச் சுவர் நிற்கின்றது. 1950-ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணையோ, கிறிஸ்தவராயின் பட்டியல் சாதி உரிமை இல்லை என்கின்றது. 'கடவுள் நம்மை விட்டு அகன்றாரோ?' என இளைஞர் வினவுகின்றனர். சுவரெழுப்பியவன் மனிதன். தொழுநோயாளரைத் தொட்டவர், சமாரியப் பெண்ணிடம் நீர் கேட்டவர், சுவருக்கு இப்புறம் நம்மோடு நிற்கின்றார்.

ஆகவே, வைகறையில் ஓர் அதிகாரம் வாசியுங்கள். மாலையில் ஒரு பிள்ளைக்கேனும் பாடம் சொல்லிக் கொடுங்கள். அயலானை விலக்கி ஆண்டவரை அணுக வழியில்லை.