பால்குடி மறக்கும் பருவம்

குழந்தை பால்குடி மறக்க வேப்பெண்ணெய் தடவுவது எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துப் பழைய வழக்கம். என் பேரனுக்கும் பதினான்காம் மாதத்தில் அவ்வாறே செய்தனர். மூன்று இரவுகள் அழுதான். என் மகளுக்கோ பால் கட்டிக் காய்ச்சல். ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் பாடம் சொன்ன நான் வாளா இருந்தேன்!

மருத்துவர் கூறிய முறை எளிது. முதலில் ஒரு வேளைத் தாய்ப்பாலை மட்டும் நிறுத்தி, காய்ச்சி ஆற்றிய பசும்பாலைக் கிண்ணத்தில் புகட்ட வேண்டும், சில நாள் கழித்து அடுத்த வேளை, இரவுப்பால் கடைசியில். ஓராண்டு நிறையுமுன் பசும்பால் தாய்ப்பாலுக்கு ஈடாகாது. அதில் இரும்புச்சத்து குறைவு. புட்டியும் வேண்டா, 1992ஆம் ஆண்டுச் சட்டம் அதன் விளம்பரத்தையே தடுத்துள்ளது. இரண்டாண்டும் அதற்கு மேலும் தாய்ப்பால் தரலாம் என்கிறது உலக சுகாதார நிறுவனம். பின் ஏன் அவசரம்?

பேரன் இப்போது கிண்ணத்தைத் தானே பிடிக்கிறான். பாதிப் பால் சட்டைக்குத்தான்.