பட உலக முன்னோடி கே. சுப்பிரமணியம்



எங்கள் அக்கராயனிலே, குளத்து நீர் பாயும் வயல்களுக்கு நடுவே உள்ள ஒரு திருமண வீட்டுக்கு அண்மையிற் சென்றிருந்தேன். ஆராத்தி எடுக்கப் பெண்களை அழைத்தார்கள். மணமகளின் தாய் மாத்திரம் அடுக்களைப் பக்கமாக ஒதுங்கினார். 2009 ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே கணவரை இழந்தவர் அவர். தனியே வயல் செய்து மகளை ஆளாக்கியவரும் அவரே. ஒதுங்கும்படி எவரும் சொல்லவில்லை. ஒதுங்க வேண்டாம் என்றும் எவரும் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை. அந்த வெட்கமே கே. சுப்பிரமணியம் என்னும் பட இயக்குநரைப் பற்றி இன்று என்னைப் பேசத் தூண்டுகிறது.

1904 ஆம் ஆண்டில் பாபநாசத்திலே பிறந்த அவர், வழக்கறிஞராயிருந்து திரையுலகுக்கு வந்தவர். 1934 இல் 'பவளக்கொடி'யை இயக்கி, எம். கே. தியாகராஜ பாகவதரையும் எஸ். டி. சுப்புலட்சுமியையும் திரைக்குக் கொணர்ந்தார். புராணக் கதைகள் கோலோச்சிய காலம் அது. அந்த வழியிலேயே அவர் சுகமாகச் சென்றிருக்கலாம். ஆனால் 1937 இல் 'பாலயோகினி'யை எடுத்தார். உறவினரால் துரத்தப்பட்ட பிராமண விதவை ஒருத்தி, தாழ்த்தப்பட்ட வேலைக்காரன் வீட்டிலே தன் மகளோடு அடைக்கலம் புகும் கதை அது. அவ்வேடத்தில் உண்மையான விதவை ஒருவரையே நடிக்கவும் வைத்தார். தஞ்சைப் பழமைவாதிகள் கூடி அவரைச் சாதிவிலக்குச் செய்தனர்.

அவர் அஞ்சினாரில்லை. 1938 இல், எம். எஸ். சுப்புலட்சுமி முதன்முதலாக நடித்த 'சேவாசதனம்' வெளிவந்தது. பிரேம்சந்தின் நாவலைத் தழுவிய அப்படம், பொருந்தா மணத்தின் கொடுமையைக் காட்டியது. 1939 இல் கல்கியின் கதையைத் 'தியாகபூமி'யாக எடுத்தார். கைவிட்ட கணவன் பின்னாளில் மனைவியைத் தன்னுடன் வாழ வருமாறு வழக்குத் தொடுக்கிறான். அவளோ மறுத்து, வேண்டுமாயின் நானே அவருக்கு ஜீவனாம்சம் தருகிறேன் என்கிறாள். நீதிமன்றத்தை அறிந்த வழக்கறிஞர், அங்கே பேச முடியாதிருந்த பெண்ணுக்குத் திரையிலே வாய் தந்தார். விடுதலை உணர்வும் கலந்த அப்படத்துக்கு ஆங்கில அரசு தடை விதித்தது.

சுப்பிரமணியம் 1971 இல் மறைந்தார். சாதிவிலக்கும் தடையும் பழங்கதையாயின. அவர் எழுப்பிய கேள்வியோ இன்னும் எங்கள் வீட்டு முற்றத்திலே நிற்கிறது.

நேயர்களே, அடுத்த திருமண வீட்டிலே ஆராத்தித் தட்டை அத்தகைய ஒரு தாயின் கையில் முதலிற் கொடுக்க நம்மில் யார் முன்வருவோம்? நான் முன்வருவதாக இருக்கிறேன்.