உயிர்க்குறியும் எழுத்தே!



கொற்கைத் துறையில் முத்தெடுத்த தமிழன் அதற்குப் பெயரிட எவரிடமும் இசைவு கேட்டதில்லை. இன்று தூத்துக்குடி மாணாக்கன் ஒருவன் கணினி நிரலில் 'முத்து' என்று பெயரிட்டால், 2009-இல் கூகுள் வெளியிட்ட 'கோ' என்னும் நிரல்மொழியின் தொகுப்பி அதனைப் பிழையென்று தள்ளும். அதே பெயரை ஆங்கிலத்தில் எழுதினாலோ வாய்திறவாது ஏற்கும்!

ஏன்? 'முத்து' தமிழர்க்கு மூன்றெழுத்து. ஒருங்குறியிலோ ஆறு குறிகள்: மகரம், உகரக்குறி, தகரம், புள்ளி, மீண்டும் தகரம், உகரக்குறி. பெயருக்குள் எழுத்தும் எண்ணும் அடிக்கோடுமே வரலாம் என்பது அம்மொழியின் வரையறை. ஒருங்குறியோ உயிர்க்குறியையும் புள்ளியையும் எழுத்தென்று வகுக்காமல் சார்குறி என்று வகுத்துவிட்டது. ஆகவே தொகுப்பி மூலக்கோப்பைப் படித்து வருகையில் மகரத்தைக் கடந்து உகரக்குறியில் முட்டி நிற்கிறது. 'பல' பிழைக்கும், 'படகு' கவிழும், 'கடல்' புள்ளியிலே மூழ்கும். எளிமை கருதிச் சார்குறிகளை வேண்டுமென்றே விலக்கியதாகவும், அதனால் தேவநாகரி போன்றவை விலக்குண்பதாகவும் அம்மொழியை ஆக்கியோரே எழுதியுள்ளனர். எவர்க்கு எளிமை?

இன்னொரு பிழை கண்ணுக்கே புலப்படாதது. 'கொற்கை' என்பதன் ஒகரக்குறியை ஒரே குறியாகவும் எழுதலாம். எகரக்குறி, கால் என இரண்டாகவும் எழுதலாம். திரையில் வேறுபாடு தெரியாது. ஒரு கோப்பில் ஒருவகையாகவும் மற்றொன்றில் வேறுவகையாகவும் இருந்தால், வடிவை ஒன்றாக்காத தொகுப்பிக்கு அவை இரண்டு கொற்கைகள். பிழை தேடுவோன் நாள்முழுதும் உற்று நோக்கினும் காணான்.

திருத்தம் அரிதன்று. பெயரின் முதலில் வரத்தக்கவை, இடையில் வரத்தக்கவை என ஒருங்குறியாளரே இருவேறு பட்டியல் வகுத்துள்ளனர். இரண்டாவதில் சார்குறிகளுக்கும் இடமுண்டு. 2008-இல் வந்த பைதான் மூன்றாம் பதிப்பு இவ்வழியையே பின்பற்றி, பெயர்களின் வடிவையும் ஒன்றாக்கிவிடுகிறது. 'முத்து' அங்கே முத்தாகவே இருக்கும். குனு தொகுப்பி 2020-இல், தன் பத்தாம் பதிப்பில், இத்தகைய பெயர்களை நேரடியாக ஏற்றது. அதற்குமுன் ஒவ்வொரு குறிக்கும் எண்ணெழுதித் தொலைக்க வேண்டும்! வடிவ வேறுபாட்டை அது ஒன்றாக்குவதில்லை, எச்சரிப்பதோடு அமைகிறது.

கோ மொழியில் மற்றுமொரு முட்டுக்கட்டை: ஒரு தொகுதிக்கு வெளியே பயன்படும் பெயர் பெரிய எழுத்தில் தொடங்கவேண்டுமாம். தமிழில் பெரிய எழுத்தேது, சின்ன எழுத்தேது?

அதன் மூலக்கோப்புகள் எவரும் பார்க்கத் திறந்தே கிடக்கின்றன. எழுத்தா என்று ஆராயும் சில வரிகளை மாற்றுவது பொறியியல் மாணாக்கர்க்கு ஒருநாள் வேலை. வரையறையையும் உடன் மாற்றவேண்டியிருப்பதால் முன்மொழிவை ஆங்கிலத்தில்தான் எழுதி வாதிட வேண்டும். எழுதட்டும், எடுத்துக்காட்டாக 'முத்து' என்னும் சொல்லையே வைக்கட்டும்.