உருகிப்போன பனிமனிதன்

ஒரு வரி எழுத்துகூட இல்லாத புத்தகத்தை எப்படிப் படமாக எடுப்பது? இங்கிலாந்தைச் சேர்ந்த ரேமண்ட் பிரிக்ஸ் 1978-இல் வெளியிட்ட ‘தி ஸ்னோமேன்’ அப்படியொரு புத்தகம். சிறுவன் ஒருவன் செய்த பனிமனிதன் இரவில் உயிர்பெறுகிறான், வீட்டைச் சுற்றிப் பார்க்கிறான், சிறுவனின் கையைப் பிடித்துக்கொண்டு வானில் பறக்கிறான். விடிந்து பார்த்தால் உருகிக் கிடக்கிறான். எல்லாமே கலர் பென்சில் படங்கள்.

1982-இல் டயான் ஜாக்சன் இயக்கத்தில் இது சேனல் 4 தொலைக்காட்சிக்காக 26 நிமிட அனிமேஷன் படமானது. அக்காலத்துக் கார்ட்டூன்களில் உருவத்தைச் சுற்றி மையால் கோடு போட்டு, உள்ளே சீராக வண்ணம் பூசிவிடுவார்கள். அப்படிச் செய்திருந்தால் பிரிக்ஸின் பென்சிலுக்கே வேலை இல்லாமல் போயிருக்கும். இந்தக் குழுவினர் கிரேயானால் தீட்டினார்கள். ஒரு படத்தில் விழுந்த தீற்றல் அடுத்த படத்தில் அதே இடத்தில் விழாது. அதனால் பனிமனிதன் சும்மா நிற்கும்போதுகூட அவன் உடம்பு மெல்லச் சிலிர்த்துக்கொண்டே இருக்கும். எனக்கு அவன் உயிரோடு இருப்பதாகத் தோன்றுவதே அந்தச் சிலிர்ப்பால்தான்.

பேச்சே இல்லாத படத்தில், பறக்கும்போது மட்டும் ஒரு பாட்டு வருகிறது. ஹோவர்ட் பிளேக் எழுதி இசையமைத்த அந்தப் பாட்டைப் பாடியவன் பீட்டர் ஆட்டி என்ற தேவாலயப் பாடகர் குழுச் சிறுவன்.

புத்தகத்தில் இருவரும் கடற்கரை ஊரான பிரைட்டன் வரை போய்த் திரும்பிவிடுவார்கள். படத்திலோ வடதுருவம் வரை போகிறார்கள், கிறிஸ்துமஸ் தாத்தாவையும் பார்க்கிறார்கள். பிரிக்ஸின் கதையில் கிறிஸ்துமஸே கிடையாது. தாத்தா இல்லாமலும் படம் நன்றாகவே இருந்திருக்கும் என்பது என் எண்ணம். ஆனால் அவர் பரிசாகத் தரும் மஃப்ளரை என்னால் விட்டுக்கொடுக்க முடியாது. காலையில் சிறுவன் தன் அங்கிப் பையில் கையை விட்டால் அது இருக்கிறது! புத்தகத்தை மூடும் குழந்தை, எல்லாம் கனவுதான் என்று மனதைத் தேற்றிக்கொள்ள இடமுண்டு. படத்தில் அந்த இடம் இல்லை. பறந்தது நிஜமென்றால் நண்பன் போனதும் நிஜம்தான்.

பண்டிகை நாளில் வந்த படம். பனிமனிதனைப் பிழைக்க வைத்திருந்தால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். படம் எடுத்தவர்கள் அதைச் செய்யவில்லை.

உங்கள் வீட்டுப் பிள்ளைகளோடு இதைப் பாருங்கள். கடைசியில் அவர்கள் அழுதால், அவசரப்பட்டு வேறு படம் போட்டுவிடாதீர்கள்.