ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்

(பள்ளிப் பரிசளிப்பு விழாவில் ஓய்வுபெற்ற தோட்ட மருத்துவ உதவியாளர் ஒருவர் ஆற்றிய உரை)

 

பரிசு வாங்கக் காத்திருக்கும் பிள்ளைகள் என் பேச்சு எப்போது முடியும் என்று பார்ப்பது எனக்குத் தெரிகிறது. சுருக்கமாகவே பேசுகிறேன். மேடையில் ஒரு பாய் விரித்திருக்கிறதே, அதற்கும் வேலை இருக்கிறது.

என்னைத் தோட்டத்தில் எல்லோரும் 'டிரஸர்' என்றுதான் கூப்பிடுவார்கள். 1965ஆம் ஆண்டிலேயே தோட்ட மருத்துவ உதவியாளர்களைப் பதிவு செய்யச் சட்டம் வந்துவிட்டது. ஆனால் நான் சொல்லப்போவது 1974இல் நடந்தது. அப்போது நான் பகாவ் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பெரிய டிரஸருக்குக் கையாளாக இருந்த சின்னப் பையன்.

ஒருநாள் காலை, பெரட்டு முடிந்து எல்லோரும் கித்தாக் காட்டுக்குப் போன நேரம். பால்மரம் வெட்டுகிற ஒருவர் மேட்டிலிருந்து சைக்கிளில் இறங்கும்போது சறுக்கி விழுந்து, தலை கல்லில் மோதிவிட்டது. நினைவில்லை. ஆனால் மூச்சு இருந்தது, 'கொர் கொர்' என்று சத்தமும் இருந்தது. "ஒண்ணுமில்லப்பா, அசந்து தூங்குறாரு, குறட்டை விடுறாரு" என்றார் மண்டோர். எங்களுக்கும் அது ஆறுதலாக இருந்தது. லோரியில் மல்லாக்கப் படுக்க வைத்தோம். கைலியை மடித்துத் தலைக்கு உயரமாக வைத்தவன் நான்தான். யாரோ ஒரு அம்மா வாயில் இரண்டு மடக்குக் கோப்பியும் ஊற்றினார். கோலப்பிலா ஆஸ்பத்திரியை நெருங்கும்போது குறட்டை நின்றது. 'நல்லா அடங்கிட்டாரு' என்று நினைத்தேன்.

டாக்டர் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, "ஒருக்களிச்சுப் படுக்க வைக்கலியா?" என்று மட்டும் கேட்டார்.

தலையில் பட்ட அடியிலேயே அவர் போயிருக்கலாம். அதை யாரும் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் அந்தச் சத்தம் தூக்கமில்லை என்று எனக்கு இப்போது தெரியும். நினைவு தப்பினால் நாக்கின் அடிப்பகுதி பின்னால் சரிந்து மூச்சு வழியை மறைக்கும். அந்த இடுக்கில் காற்று நுழைகிற சத்தம்தான் அது. தலையணை வைத்தால் கழுத்து மடிந்து வழி இன்னும் குறுகும். ஊற்றிய கோப்பியும் வந்த வாந்தியும் நுரையீரலுக்குத்தான் போகும். அவருடைய மகள் அன்றைக்கு தோட்டப் பள்ளியில் இரண்டாம் வகுப்பு.

தம்பி, நீ வா. இந்தப் பாயில் மல்லாக்கப் படு. சிரிக்காதே, உனக்கு நினைவில்லை!

எல்லோரும் பாருங்கள். நான் பக்கத்தில் மண்டியிடுகிறேன். என் பக்கத்துக் கையை இப்படி வெளியே நீட்டி மடக்குகிறேன். அந்தப் பக்கத்துக் கையைக் கொண்டுவந்து, புறங்கையை இவன் கன்னத்தோடு சேர்த்துப் பிடிக்கிறேன். அந்தப் பக்கத்து முழங்காலை மடக்கி, என் பக்கமாக இழுக்கிறேன். பாருங்கள், எத்தனை லேசாகப் புரள்கிறான்! இனித் தலையைக் கொஞ்சம் பின்னால் சாய்த்து, வாயைத் தரைப்பக்கம் திருப்ப வேண்டும். வாந்தி வந்தாலும் வெளியே போய்விடும். மூச்சை மட்டும் பார்த்துக்கொண்டே இருங்கள். மூச்சே இல்லையென்றால் இது போதாது; மல்லாக்கப் போட்டு, நெஞ்சின் நடுவில் 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை அழுத்த வேண்டும். செம்பிறைச் சங்கமும் செயின்ட் ஜான் ஆம்புலன்சும் அதற்குப் பயிற்சி தருகின்றன. போய்க் கற்றுக்கொள்ளுங்கள்.

இப்போது நம் காடெல்லாம் செம்பனை. மட்டையோ 20 கிலோ குலையோ மேலே விழுந்தவரைச் சட்டென்று தூக்கி உட்கார வைக்காதீர்கள். முதுகெலும்பில் அடி இருக்கலாம். அப்படியே அசையாமல் வைத்திருங்கள். வாந்தி எடுத்தால் மட்டும் நாலு பேர் சேர்ந்து, தலையும் உடம்பும் ஒரே நேராக இருக்க, மரத்தை உருட்டுவது போல ஒரு பக்கமாகப் புரட்டுங்கள்.

நெஞ்சுவலிக்காரரையும் இழுப்புக்காரரையும் படுக்க வைக்காதீர்கள். சாய்த்து உட்கார வையுங்கள். மூக்கில் ரத்தம் வந்தால் தலையை அண்ணாந்து பிடிப்பது நம் வழக்கம். அது தவறு, குனிந்து மூக்கைப் பிடிக்க வேண்டும். பாம்பு கடித்தால் இறுக்கிக் கட்டாதீர்கள், கீறாதீர்கள், நடக்க விடாதீர்கள்.

வலிப்பு வந்தவர் கையில் சாவிக்கொத்தைக் கொடுப்பதை நான் லயத்தில் எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். வலிப்பு பெரும்பாலும் சில நிமிடத்தில் தானாக நின்றுவிடும், பெயர் சாவிக்குப் போய்விடும்! சாவியை ஓரமாக வைத்துவிட்டு, தலையில் அடிபடாமல் பார்த்து, வலிப்பு அடங்கியதும் ஒருக்களித்து விடுங்கள். ஐந்து நிமிடம் தாண்டினால் 999.

அந்த 999க்குக் கூப்பிடும்போது தோட்டப் பெயர் மட்டும் சொன்னால் போதாது. எந்த டிவிஷன், எத்தனையாம் நம்பர் காடு என்றும் சொல்லுங்கள். செம்பனைக் காட்டில் எல்லாப் பாதையும் ஒன்று போலத்தான் இருக்கும். ஓர் ஆளைப் பெரிய ரோட்டு முனையில் நிறுத்துங்கள். அந்தக் காலத்தில் கோலப்பிலாவிலிருந்து சிரம்பானுக்கு நோயாளியோடு புக்கிட் பூத்துஸ் வளைவுகளில் போனவர்களுக்குத் தெரியும், பத்து நிமிடம் எவ்வளவு நீளம் என்று.

சரி தம்பி, எழுந்திரு. நல்லா நடிச்சே. இப்போது பெற்றோர்களில் யாராவது ஒருவர் வந்து என்னைப் புரட்டிக் காட்டுங்கள். கூச்சப்படாதீங்க, வாங்க.